சமிக்ஞைப் பெட்டியா, கைகாட்டி மாடமா?

இங்கிலாந்தின் ஹெக்சம் ரயில் நிலையத்தில், தண்டவாளங்களுக்குக் குறுக்கே இரும்புத் தாங்கிகளின் மேல் 1896ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட, ஊழியர் உள்ளிருந்து சிக்னல்களை இயக்கும் 'சிக்னல் பாக்ஸ்' கட்டடத்தை ஒரு மொழிபெயர்ப்பில் 'சமிக்ஞைப் பெட்டி' என்று எழுதியிருந்தார்கள். பலமுறை கண்ணில் பட்ட இந்தச் சொல்லை இனியும் திருத்தாமல் விடுவது முறையன்று.

'சிக்னல்' லத்தீன் மொழியில் குறி எனப் பொருள்படும் 'சிக்னும்' என்பதிலிருந்தும், 'பாக்ஸ்' பெட்டி செய்யப் பயன்பட்ட ஒரு மரத்தின் பெயரிலிருந்தும் வந்தவை. ஆனால் காவலர் நிற்கும் சிறு கூண்டையும் நாடக அரங்கின் தனி இருக்கைப் பகுதியையும் ஆங்கிலத்தில் 'பாக்ஸ்' என்பார்கள். ரயில்வேக்கு வந்தது இந்தப் பொருள்தான்.

தமிழில் 'பெட்டி'க்கு அந்த விரிவு இல்லை. அதைவிடப் பெரிய கேடு, ரயிலைப் பொறுத்தவரை பெட்டி என்றால் பயணிகள் ஏறும் பெட்டி என்பது ஏற்கெனவே உறுதியாகிவிட்டது. 'சமிக்ஞைப் பெட்டி தண்டவாளத்தின் மேல் நின்றது' என்று படிப்பவர், வண்டியிலிருந்து கழற்றி நிறுத்திய பெட்டி ஒன்றைத்தான் நினைப்பார். அகராதியில் முதலில் கிடைக்கும் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு, அந்தப் பொருள் கட்டடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்காமல் விடும் பழக்கம் மொழிபெயர்ப்பாளர்களிடம் பெருகிவிட்டது. 'சைகை அறை' என்று சிலர் எழுதுவதும் போதாது. அறை என்றால் மாடி மறைந்துவிடுகிறது.

விக்டோரியா காலத்து இந்தக் கட்டடத்தின் உயிரே மாடியில்தான் இருக்கிறது. வண்டிகளின் தலைக்கு மேலாக இரு திசையும் தெரியும்படி மேல்தளத்தைச் சுற்றிக் கண்ணாடிச் சன்னல்கள் வைத்து, சிக்னல்களையும் தண்டவாளம் பிரியும் இடங்களையும் இயக்கும் நெம்புகோல்களை அங்கே வரிசையாக நிறுத்தினார்கள். முரண்பட்ட பாதைகளைத் திறக்கும் இரு நெம்புகோல்களை ஒருசேர இழுக்க முடியாதபடி ஒன்றையொன்று பூட்டும் பொறியமைப்பு பெரும்பாலும் கீழ்த்தளத்தில் இருந்தது. ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் சாக்ஸ்பி 1856இல் காப்புரிமை பெற்ற இத்தகைய பூட்டுமுறையை, அயர்லாந்தின் அர்மாவில் நடந்த ரயில் விபத்துக்குப் பின் வந்த 1889ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம் பயணிகள் பாதைகளுக்குக் கட்டாயமாக்கியது.

உயர்ந்த மனையையும் புறாக்கள் தங்கும் கூட்டையும் மாடம் என்றே தமிழ் சொல்லிவருகிறது. தினைப்புனத்துப் பரணும் உயரத்திலிருந்து காவல் காப்பதுதான் என்றாலும், அதற்குக் கீழ்த்தளம் இல்லை. கம்பத்தில் கை நீட்டி நிற்கும் சிக்னலுக்குக் கைகாட்டி என்ற அழகான பெயர் முன்பே இருப்பதால், 'கைகாட்டி மாடம்' என்பதே தக்க சொல். மாடம் என்று எழுதத் தயங்குகிறவர்கள் 'கேபின்' என்றே எழுதலாம். பிரிட்டனிலேயே சில ரயில்வே கம்பெனிகள் அப்படி அழைத்தன, நம் ரயில்வே ஊழியர்கள் வாயிலும் அச்சொல் நெடுங்காலமாகப் புழங்குகிறது.