ஒரே எண்டோஸ்கோபி, வேறு வேறு ஆலோசனை: பாரெட் உணவுக்குழாய்

நாகர்கோவிலில் எடுத்த எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டை மார்த்தாண்டத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினால் "அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தவே கூடாது" என்பார். அதே தாளைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனால் "இது பாரெட் என்றே சொல்ல முடியாது, திரும்ப பயாப்ஸி எடுக்கலாம்" என்பார்கள். வீட்டுக்கு வந்தால் சொந்தக்காரர் ஒருவர் "அந்த மாத்திரை கிட்னியைத் தின்றுவிடும்" என்பார். இவர்கள் பதில் சொல்வது ஒரே கேள்விக்கு அல்ல. எரிச்சலை அடக்குவது ஒன்று. அமிலம் பட்டுப் புண்ணான குழாயை ஆற்றுவது வேறு. மாறிப்போன உள்சவ்வு, அதாவது பாரெட், புற்றாகிறதா என்று கவனிப்பது இன்னொன்று. கேட்ட ஆலோசனை எந்தக் கேள்விக்கானது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் இருக்கிறது. விழுங்கும்போதுதான் திறக்க வேண்டும். ஆனால் இரைப்பை விரிந்தால், உள்ளே சேர்ந்த காற்றை ஏப்பமாக வெளியேற்ற அது விழுங்காமலேயே சில வினாடிகள் தளரும். பெரும்பாலான எதுக்களிப்பு அந்தத் தளர்வில்தான் நடக்கிறது. சாப்பிட்ட பிறகு புதிதாகச் சுரக்கும் அமிலம் உணவோடு முழுக்கக் கலப்பதுமில்லை. வளையத்துக்குச் சற்றுக் கீழே தனித் தேக்கமாக மிதக்கிறது. இரவு ஒன்பதரைக்கு மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வயிறு முட்டச் சாப்பிட்டுப் பத்து மணிக்குப் படுப்பவருக்கு அந்தத் தேக்கம் நேராகக் குழாய்க்குள் வருகிறது.

பழி முழுவதும் தேங்காய்க்கும் புளிக்கும் போகும். உண்மையில் அளவும் நேரமும் கொழுப்பும்தான் முக்கியம். பொரித்த மீனும் சிப்ஸும் வயிறு காலியாவதைத் தாமதமாக்கும். எல்லாருக்கும் பொதுவான விலக்குப் பட்டியல் கிடையாது. எது உங்களுக்கு ஒத்துவரவில்லையோ அதை மட்டும் குறையுங்கள். படுப்பதற்கு 3 மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடிப்பதும், தொப்பை இருந்தால் எடை குறைப்பதும் ஊறுகாயை நிறுத்துவதைவிடப் பலன் தரும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் கட்டை வைத்து 15 முதல் 20 செ.மீ. உயர்த்த வேண்டும். இரண்டு தலையணை போட்டால் இடுப்பு மடங்கி வயிற்றழுத்தம்தான் கூடும். இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இரைப்பையின் பெரும்பகுதி வளையத்துக்குக் கீழே இருக்கும். வலப்பக்கம் அதற்கு நேர்மாறு.

நம் குமரி மாவட்டத்தில் வயிற்று எரிச்சல் எதுவானாலும் அல்சர் என்று சொல்லிவிடுவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய சாமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் பல்லாண்டு அறுவை மருத்துவராக இருந்தவர். சிறுகுடல் முனைப் புண்ணுக்கு ஏராளமான ஆபரேஷன்கள் செய்தவர். அந்தப் புண்ணின் முக்கியக் காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி என்று வாரனும் மார்ஷலும் 1980களில் காட்டியபின் கத்திக்குப் பதில் ஆன்டிபயாடிக் வந்தது. அந்தக் கிருமிக்கான 14 நாள் மாத்திரை எதுக்களிப்பைக் குணப்படுத்தாது. கோர்ஸ் முடித்தும் நெஞ்செரிகிறதே என்று இன்னொரு கோர்ஸ் கேட்பதில் பயனில்லை. கிருமி போய்விட்டதா என்று பரிசோதிப்பதுதான் சரி. அதற்கு 2 வாரம் முன்பே பான்டோபிரசோல் வகை மாத்திரைகளை நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும்.

பாரெட் என்பது குழாயின் உள்சவ்வு மாறிப்போவது. தட்டையான செல்கள் பல அடுக்காக இருந்த இடத்தில், குடலில் இருப்பதுபோன்ற தூண் வடிவச் செல்கள் வளர்கின்றன. 1950இல் இதை எழுதிய நார்மன் பாரெட்டே, இரைப்பைதான் மேலே இழுபட்டுக் கிடக்கிறது என்று நினைத்தார். சில ஆண்டுகளுக்குப் பிறகுதான் அது உணவுக்குழாயே என்று ஒத்துக்கொண்டார். புதிய சவ்வு அமிலத்தைத் தாங்கும், அவ்வளவாக எரியாது. அதனால் எரிச்சல் நின்றதை வைத்து அமிலம் அடங்கிவிட்டது என்று முடிவுகட்ட முடியாது.

வரையறையிலேயே நாடுகள் ஒத்துப்போவதில்லை. மாறிய சவ்வு 1 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீண்டிருக்க வேண்டும், பயாப்ஸியில் கிண்ணச் செல்களும் (குடலில் சளி சுரக்கும் செல்கள்) தெரிய வேண்டும் என்பது அமெரிக்க விதி. பிரிட்டிஷ் விதியில் பெயர் வைக்கக் கிண்ணச் செல் கட்டாயமில்லை, அடுத்த பரிசோதனை எப்போது என்று தீர்மானிக்கத்தான் அது தேவை. ஆகவே ஒரே ஆள் லண்டனில் நோயாளி, நியூயார்க்கில் இல்லை. குழாயின் சவ்வும் இரைப்பையின் சவ்வும் சந்திக்கும் கோடான 'இசட் லைன்' 1 செ.மீ.க்குக் குறைவாக ஒழுங்கற்றிருந்தால் அது இரண்டு இடத்திலும் பாரெட் அல்ல. நம்மூர் ரிப்போர்ட்களில் அடிக்கடி வரும் 'லேக்ஸ் எல்.இ.எஸ்.' (அந்தத் தசை வளையம் தளர்ந்திருக்கிறது) என்ற வரியும் தனியாக ஒரு நோய் அல்ல.

ரிப்போர்ட்டில் தேட வேண்டியது 'சி2 எம்4' போன்ற அளவு. மாற்றம் குழாயைச் சுற்றி முழு வளையமாக 2 செ.மீ.யும், நாக்குபோல் நீண்ட இடத்தில் 4 செ.மீ.யும் போயிருக்கிறது என்பது அதன் பொருள். பயாப்ஸி 2 செ.மீ.க்கு ஒருமுறை நான்கு பக்கமும் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நீளமான பாரெட்டில் இரண்டே துண்டு எடுத்துவிட்டு ஒன்றுமில்லை என்றால் அதை நம்ப முடியாது. கடும் புண் இருக்கும்போது எடுத்த துண்டு பொய்யாகப் பயமுறுத்தும். 8 முதல் 12 வாரம் மாத்திரை சாப்பிட்டுப் புண் ஆறியபின் திரும்ப எடுப்பார்கள். 'டிஸ்ப்ளேசியா' (புற்றுக்கு முந்தைய செல் மாற்றம்) என்று வந்தால் சிகிச்சைக்கு முன் இன்னொரு அனுபவமுள்ள நோய்க்குறியியல் மருத்துவர் பார்க்க வேண்டும். லேபில் ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு போகலாம்.

டிஸ்ப்ளேசியா இல்லாத பாரெட் புற்றாகும் வாய்ப்பு, 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வுப்படி, ஆண்டுக்கு 0.12 சதவீதம். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர் சங்கம் 2022இல் சொன்ன எண்டோஸ்கோபி இடைவெளி, நீளம் 3 செ.மீ.க்குக் குறைவென்றால் 5 ஆண்டு, 3 செ.மீ.யோ அதற்கு மேலோ என்றால் 3 ஆண்டு. 2025இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்றில் 3,453 பேரில் ஒரு பாதிக்கு 2 ஆண்டுக்கு ஒருமுறையும், மறுபாதிக்குத் தொந்தரவு வந்தால் மட்டும் என்றும் எண்டோஸ்கோபி செய்தார்கள். ஆயுளில் வேறுபாடு இல்லை. டிஸ்ப்ளேசியா இல்லாதவரை வருடாவருடம் குழாய் விடச் சொன்னால் காரணம் கேட்கலாம். உயர்நிலை டிஸ்ப்ளேசியா என்றால் கதையே வேறு. காத்திருக்காமல் எண்டோஸ்கோபி வழியாகவே அந்தச் சவ்வை வெட்டியோ கதிரலை வெப்பத்தால் கருக்கியோ அகற்ற வேண்டும். இந்தியாவில் உணவுக்குழாய்ப் புற்றில் பெரும்பகுதி பாரெட்டிலிருந்து வருவதல்ல. புகையிலையும் சாராயமும் தரும் வேறு வகை. வெற்றிலையோடு புகையிலை போட்டுக்கொண்டே பாரெட்டுக்குப் பயப்படுவது இடம் மாறிய பயம்.

மாத்திரையில் நடக்கும் பெரிய தவறு நேரம். பான்டோபிரசோல், எசோமெபிரசோல் போன்றவை அமிலம் இறைக்கும் பம்புகளை அடைப்பவை. ஓடிக்கொண்டிருக்கும் பம்பை மட்டும்தான் அடைக்கும். பம்புகளை ஓட வைப்பது உணவு. மருந்து இரத்தத்தில் சில மணி நேரமே நிற்கும். எனவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு. படுக்கப்போகும்போது பிரஷர் மாத்திரையோடு விழுங்கினால் பாதி வீண். விடியுமுன் கட்டன்சாயாவோடு ரப்பர் வெட்டப் போகிறவர் காலை முதல் முழுச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடலாம். தொல்லை இரவில்தான் என்றால் இரவுச் சாப்பாட்டுக்கு முன். முழுப் பலன் தெரிய 3 நாள் போல ஆகும். எரியும்போது மட்டும் போட்டுக்கொள்ள அது ஏற்றதல்ல. அதற்கு ஆல்ஜினேட் சிரப் நல்லது, இரைப்பையில் தெப்பம்போல மிதந்து அமிலத் தேக்கத்தை மூடும். டோம்பெரிடோன் சேர்ந்த கேப்சூல் மாதக்கணக்கில் ஓடினால் அது தேவையா என்று கேளுங்கள். இதயத் துடிப்பைக் குலைக்கும் ஆபத்தால் ஐரோப்பாவில் 2014 முதல் அதைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டும், வழக்கமாக ஒரு வாரத்துக்கு மேல் போகாமல், கொடுக்கிறார்கள்.

கிட்னி பயம்? பான்டோபிரசோல் 40 மி.கி.யை வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு 17,598 பேரை 3 ஆண்டு கவனித்த ஆய்வு 2019இல் வந்தது. தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டும், அதுவும் சிறிதளவு. அரிதாகச் சிறுநீரக அழற்சி வருவது உண்மைதான். ஆண்டுக்கொருமுறை இரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வேலையைக் காட்டும் அளவு) பார்த்துக்கொள்வது போதும். பாரெட் உறுதியானவர் இந்தப் பயத்தில் நிறுத்தக் கூடாது. வெறும் எரிச்சலுக்காக எடுப்பவர் நிறுத்தலாம், ஆனால் சட்டென்று அல்ல. நெஞ்செரிச்சலே இல்லாத ஆரோக்கியமானவர்களுக்கு 8 வாரம் மாத்திரை கொடுத்து நிறுத்தியபோது 44 சதவீதம் பேருக்குப் புதிதாக எதுக்களிப்புத் தொல்லை வந்தது. அடங்கிக் கிடந்த அமிலச் சுரப்பு எகிறுவதால் வருவது அது. 40ஐ 20 ஆக்கி, பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள் என்று சில வாரத்தில் குறைத்தால் தாங்கலாம்.

விழுங்கும்போது அடைத்தால், எடை குறைந்தால், மலம் கறுத்துப் போனால், இரத்தச்சோகை வந்தால் மாத்திரையை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் எண்டோஸ்கோபி செய்ய வேண்டும். நெஞ்செரிச்சலோடு வியர்வையோ மூச்சுமுட்டலோ, தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலியோ இருந்தால் கேஸ் என்று சோடா குடித்து நேரத்தைப் போக்காமல், ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ பக்கத்து ஆஸ்பத்திரியோ, முதலில் ஈ.சி.ஜி.