பேட்டரி: மின்கலமா, மின்கல அடுக்கா?

நாகப்பட்டினம் துறைமுகத்தில் ஒருநாள் விடியலுக்கு முன் ஒரு விசைப்படகு கிளம்பாமல் நின்றது. விளக்குகள் மங்கலாக எரிந்தன. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ‘டிக்’ என்று ஒரு சத்தம் போட்டு அடங்கிவிடும். எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். பேட்டரியின் ஆறு மூடிகளையும் கழற்றினார். அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு துளையிலும் விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். ஐந்து துளைகளில் உள்ளே இருந்த மிதவை மேலே ஏறி நின்றது. பிளஸ் பக்கத்திலிருந்து மூன்றாவது துளையில் மட்டும் அடியிலேயே உட்கார்ந்துவிட்டது.

“மூணாவது செல் போயிருச்சு தம்பி. பேட்டரியவே மாத்திருங்க.”

இந்த இரண்டு வாக்கியங்களில் அவர் இரண்டு சொற்களைப் பிரித்துப் பயன்படுத்தினார். செல் வேறு, பேட்டரி வேறு. ஆனால் தமிழில் எழுத உட்காரும்போது நாம் பெரும்பாலும் இரண்டுக்கும் ‘மின்கலம்’ என்றே போட்டுவிடுகிறோம். அவர் சொன்னதை அப்படி எழுதினால் “மூன்றாவது மின்கலம் போய்விட்டது, மின்கலத்தை மாற்றுங்கள்” என்றாகிவிடும். படிப்பவருக்கு எதை மாற்றுவது என்றே புரியாது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத் தமிழில் சொல் இல்லாமல் இல்லை. அது ஏற்கெனவே நம் பாடப்புத்தகங்களில் இருக்கிறது: மின்கல அடுக்கு.

முதலில் பேட்டரி என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பிரெஞ்சில் ‘பத்ர்’ என்றால் அடி. அதிலிருந்து ‘பத்ரீ’ வந்தது. அடித்தல் என்ற பொருள் மெல்ல மெல்லப் பீரங்கியால் அடிப்பதைக் குறித்தது. பிறகு ஒரே இலக்கை நோக்கி வரிசையாக நிறுத்தி ஒன்றாகச் சுடும் பீரங்கிக் கூட்டத்துக்கே பெயராயிற்று. ஆங்கிலத்துக்கும் அப்படியே போனது. அதை மின்சாரத்துக்குக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். 1749இல் லண்டனில் இருந்த பீட்டர் காலின்சனுக்கு எழுதிய கடிதத்தில், 11 கண்ணாடிப் பலகைகளின் இருபுறமும் மெல்லிய ஈயத் தகடுகளை ஒட்டி, எல்லாவற்றையும் இணைத்து ஒரு ‘மின் பேட்டரி’ செய்ததாகச் சொல்கிறார். இன்றைய கணக்கில் அது பேட்டரியே இல்லை, மின்தேக்கிகளின் (கப்பாசிட்டர்) தொகுதி. ஆனால் பலவற்றைச் சேர்த்து ஒன்றாகச் சுடவைப்பது என்ற கருத்து அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

1800இல் இத்தாலிய அறிவியலாளர் அலெசாண்ட்ரோ வோல்ட்டா துத்தநாக வில்லை, வெள்ளி வில்லை, நடுவில் உப்புநீரில் நனைத்த அட்டை என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தொடர்ந்து மின்சாரம் தரும் முதல் கருவியைச் செய்தார். அதற்கு இத்தாலியில் ‘பீலா’, பிரெஞ்சில் ‘பீல்’ என்று பெயர். இரண்டுக்கும் பொருள் அடுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் டார்ச் கட்டையை இன்றும் ‘பீல்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆக, நம்முடைய ‘மின்கல அடுக்கு’ பிராங்க்ளினின் பீரங்கியை விட்டுவிட்டு வோல்ட்டாவின் அடுக்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொருளுக்கு இதுவே நெருக்கம் என்பது என் எண்ணம். பேட்டரி என்ற சொல்லுக்குள் இருக்கும் ‘அடி’ அந்தப் பெட்டியைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அடுக்கு சொல்கிறது.

படகில் இருக்கும் ஈய அமிலப் பேட்டரி 1859இல் பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்தோன் பிளான்தே செய்தது. மறுபடியும் மின்னேற்றக்கூடிய முதல் மின்கலம் அதுதான். அதில் ஒரு கலம் தருவது ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆறு கலங்களைத் தொடரிணைப்பில் அடுக்கினால் 12.6 வோல்ட். அதைத்தான் நாம் ‘12 வோல்ட் பேட்டரி’ என்கிறோம். அந்த ஆறு மூடிகளும் ஆறு கலங்களின் வாய்கள். பெரிய டீசல் என்ஜின் உள்ள படகில் இப்படி இரண்டு பெட்டிகளைத் தொடராக மாட்டி 24 வோல்ட் எடுப்பார்கள். அடுக்கின்மேல் இன்னொரு அடுக்கு. ஆறில் ஒரு கலம் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் மீட்டர் 10.5 பக்கம் காட்டும். அன்றைக்கு அந்தப் படகில் நடந்தது அதுதான். ‘அடுக்கு’ என்ற சொல் மனதில் இருந்தால் 12.6லிருந்து 2.1ஐக் கழிக்கத் தானாகவே தோன்றும்.

கலம் என்ற சொல்லையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தின் ‘செல்’ இலத்தீனில் சிற்றறை. தமிழ் அறையை எடுக்காமல் பாத்திரத்தை எடுத்தது. அமிலம் ஊற்றிவைக்கும் பொருளுக்குக் கலம் எவ்வளவு பொருத்தம்! இலங்கைத் தமிழில் உடலின் உயிரணுவையும் கலம் என்றே எழுதுகிறார்கள். பழந்தமிழில் கலம் என்றால் கப்பலும்தான். யவனரின் நன்கலம் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149ஆம் பாட்டு சொல்கிறது. மரக்கலம் என்று இன்றும் சொல்கிறோம். கலத்துக்குள் ஆறு கலம் வைத்து ஓட்டுகிற ஒருவருக்கு இந்தச் சொல் அந்நியமாக இருக்க வழியில்லை.

இன்னொரு சொல்லும் உண்டு: சேமக்கலம். மின்னேற்றிச் சேமித்துவைக்கும் கலம் என்பதால் பழைய பாடநூல்களில் ‘காரீய அமிலச் சேமக்கலம்’ என்று வரும். கருத்து சரிதான். ஆனால் ஊரில் சேமக்கலம் என்றால் சேகண்டி, கோலால் தட்டும் வெண்கலத் தட்டு. அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வீடு இருக்கிறது, அதை அங்கேயே விட்டுவிடலாம். இலங்கையில் பேச்சில் ‘பற்றறி’ என்பார்கள். இங்கே டார்ச்சில் போடுவது ‘பேட்டரிக் கட்டை’. பேச்சில் இவை இருக்கட்டும். எழுத்தில், ஒற்றைக்கு மின்கலம், சேர்ந்ததற்கு மின்கல அடுக்கு. ‘மின்கலவடுக்கு’ என்று புணர்த்தி எழுதினால் படிக்கும்போது நாக்கு தடுக்கும். பிரித்தே எழுதுங்கள்.

சார்ஜுக்கு மின்னேற்றம், டிஸ்சார்ஜுக்கு மின்னிறக்கம். இவை எளிதாக நிலைக்கும், ஏனென்றால் “சார்ஜ் ஏத்து”, “சார்ஜ் இறங்கிருச்சு” என்று வினை ஏற்கெனவே நம் வாயில் இருக்கிறது.

புதிது வாங்கும்போது இன்னொரு சொல் தேவைப்படுகிறது. பேட்டரி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று என்ஜினைக் கிளப்புவது. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்பியரை அள்ளிக் கொடுக்கும். அதற்காக மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். இன்னொன்று விளக்கு, ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், வயர்லெஸ் ஆகியவற்றுக்கு இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பது. அதற்குத் தகடு தடிமன். முதலாவதைத் ‘தொடக்க அடுக்கு’ என்றும் இரண்டாவதை ‘நீடிப்பு அடுக்கு’ என்றும் நான் எழுதிவருகிறேன். கிளப்புவதற்கான பெட்டியில் இரவு முழுக்க விளக்கு எரித்து அடியோடு இறக்கினால், சில மாதங்களிலேயே அதன் தகடு உதிர்ந்துவிடும். முடிந்தால் இரண்டையும் தனித்தனியே வையுங்கள். நடுக்கடலில் விளக்கு அணைந்தாலும் என்ஜின் கிளம்பியாக வேண்டும்.

தொடக்க அடுக்கில் பார்க்க வேண்டிய எண் கிளப்பு ஆம்பியர், அதாவது என்ஜினைக் கிளப்பும்போது அது தரக்கூடிய மின்னோட்டம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சி.சி.ஏ. (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்) என்று போட்டிருந்தால் அது மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் அளந்தது. எம்.சி.ஏ. (மரைன் கிராங்கிங் ஆம்ப்ஸ்) என்றால் 0 டிகிரியில் அளந்தது. ஒரே பேட்டரிக்கு இரண்டாவது எண் பெரிதாகத்தான் வரும். ஒரு கடையின் சி.சி.ஏ.வையும் இன்னொரு கடையின் எம்.சி.ஏ.வையும் வைத்து ஒப்பிட்டு ஏமாறக் கூடாது. நீடிப்பு அடுக்கில் பார்ப்பது ஆம்பியர் மணி. 20 மணி நேரக் கணக்கில் 100 ஆம்பியர் மணி என்றால் 5 ஆம்பியரை 20 மணி நேரம் தரும். ஆனால் பாதிக்குக் கீழே இறக்காமல் இருந்தால்தான் நாள்பட உழைக்கும். அதனால் 5 ஆம்பியர் சுமையை 10 மணி நேரம் எரிப்பவர் 100ஐ வாங்குவது சரி, 60ஐ வாங்குவது தப்பு. பெட்டியில் உள்ள தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். கடை அலமாரியில் ஆறேழு மாதம் மின்னேற்றாமல் கிடந்தது புதிதாகாது.

பராமரிப்பில் தண்ணீர்தான் முதல் பாடம். ஊற்ற வேண்டியது ‘பேட்டரி வாட்டர்’, அதாவது வாலை வடிநீர். வாலை என்பது சித்த மருத்துவர்கள் வடிக்கப் பயன்படுத்திய பாண்டம். போர்த் தண்ணீரையோ குடிதண்ணீரையோ ஊற்றினால் அதில் உள்ள உப்பு தகட்டைக் கெடுக்கும். தகடு வெளியே தெரிந்தால் மூழ்கும் அளவு மட்டும் ஊற்றி மின்னேற்றுங்கள். மீதியை மின்னேற்றி முடித்த பிறகு நிரப்புங்கள், இல்லாவிட்டால் பொங்கி வழியும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே பொறி பட்டால் வெடிக்கும். என்ஜின் அறையை மூடிவைத்துக்கொண்டு மின்னேற்றவே கூடாது. கலத்துக்குள் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு கிளம்பும். எனவே பெட்டி இருக்கும் இடம் படகின் அடியில் தேங்கும் தண்ணீர் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும், அசையாமல் கட்டியும் இருக்க வேண்டும்.

டெர்மினலில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பொடிக்கு ஆப்பசோடா கரைத்த தண்ணீர் போதும். மூடிகளை இறுக்கிய பிறகு கழுவுங்கள், ஒரு சொட்டு உள்ளே போனாலும் அமிலம் கெடும். துடைத்துக் காயவைத்து, முறுக்கிவிட்டு, மேலே வாஸ்லைன் தடவுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பல பேட்டரிகள் சாவது அந்தக் கோடையில்தான். சும்மா கிடந்தாலும் மின்னிறக்கம் நடக்கும், வெயிலில் இன்னும் வேகமாக. இறங்கிய நிலையில் கிடந்தால் தகட்டின்மேல் ஈய சல்பேட் கெட்டித்துவிடும். அதனால் படகு நின்ற அன்றே கழற்றுங்கள், மைனஸை முதலில். முழுக்க மின்னேற்றி நிழலில் வையுங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள், 12.4 வோல்ட்டுக்குக் கீழே வந்தால் மறுபடி ஏற்றுங்கள்.

என் பெட்டியில் பிளஸ் பக்கத்திலிருந்து 1 முதல் 6 வரை பெயின்ட்டால் எழுதி, ஒரு நோட்டில் ஒவ்வொரு கலத்தின் அடர்த்தியையும் தேதி போட்டுக் குறித்துவருகிறேன். நம் வெயிலுக்கு முழு மின்னேற்றத்தில் 1.240 பக்கம் இருந்தால் சரி. ஆறும் சேர்ந்து இறங்கினால் மின்னேற்றம் போதவில்லை என்று பொருள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 0.050 கீழே போனால் அந்தக் கலத்தின் ஆயுள் முடியப்போகிறது, புதிய அடுக்குக்குப் பணம் ஒதுக்க வேண்டியதுதான். தடைக்காலம் முடிந்து மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.