"இது எல்லாருக்கும் தெரியுமே" என்று அடித்துவிட்ட தலைப்புகள்

தொழில் செய்பவர்கள் எழுதும் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. டாக்டர்கள், வக்கீல்கள், ஆடிட்டர்கள், பிசியோதெரபிஸ்டுகள் என்று பலரோடு வேலை பார்த்திருக்கிறேன். கதை பெரும்பாலும் ஒன்றுதான். முதல் மாதம் உற்சாகமாக நாலு பதிவு வரும். அடுத்த மாதம் ஒன்று. அப்புறம் நான் போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும், "எழுத ஒண்ணுமே தோணலைங்க" என்பார்கள்.

ஆரம்பத்தில் இதை நம்பினேன். உட்கார்ந்து நானே தலைப்பு யோசித்துக் கொடுப்பேன். இப்போது நம்புவதில்லை. தோன்றுகிறது, தோன்றிய அந்த நொடியிலேயே இவர்களே அதன் கழுத்தை நெரித்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவிடம்தான் இதை நேரில் பார்த்தேன். கிளினிக் மூடும் நேரம். "இன்னிக்கு எத்தனை பேரைப் பார்த்தீங்க மேடம்?" என்றேன். பதினாலு பேர். "அதுல திரும்பத் திரும்ப வந்த கேள்வி எது?" யோசிக்கவே இல்லை. "ஐஸ் வைக்கணுமா, சுடு ஒத்தடம் கொடுக்கணுமா. தினம் இதேதான்." சரி, அதையே எழுதுங்கள் என்றேன். "இதையா? இது எல்லாருக்கும் தெரியுமே சார்!"

எல்லாருக்கும் தெரிந்ததை எதற்குத் தினமும் வந்து கேட்கிறார்கள்?

1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற ஆய்வு மாணவி ஒரு சோதனை செய்தார். ஒருவர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டின் தாளத்தை மேசையில் விரலால் தட்ட வேண்டும். எதிரில் இருப்பவர் அது என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். தட்டியவர்கள், பாதிக்குப் பாதியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள். தட்டிய 120 பாட்டில் கண்டுபிடித்தது மூன்றுதான். தட்டுபவர் தலைக்குள் மெட்டு முழுசாக ஓடிக்கொண்டிருக்கிறது. எதிரில் இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக். இருபது வருடம் ஒரே தொழிலில் இருப்பவரும் இப்படித்தான். தன் தலைக்குள் ஓடும் மெட்டு ஊருக்கே கேட்கிறது என்று நினைத்துக்கொண்டு, எழுத வேண்டியதை எல்லாம் "இது தெரிந்ததுதானே" என்று ஒதுக்கிவிடுகிறார்.

பலர் கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டுவதைப் பிரெயின்ஸ்டார்மிங் என்று எல்லோரும் சொல்கிறோம். (தமிழில் 'மூளைப்புயல்' என்று எழுதிப் பார்த்தேன்; வானிலை அறிக்கை மாதிரி இருந்ததால் விட்டுவிட்டேன்.) இந்த முறையைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரத் துறைக்காரர். அவர் வைத்த விதிகள் நாலு: குறை சொல்லக் கூடாது, கிறுக்குத்தனமான யோசனையும் வரட்டும், எண்ணிக்கை கூடட்டும், ஒருவர் சொன்னதன் மேல் இன்னொருவர் கட்டட்டும். நம் அலுவலகங்களில் இதில் எது நிலைத்தது என்றால், வட்டமாக உட்கார்ந்து பேசுவது மட்டும். குறை சொல்லாதே என்ற விதி காற்றில் போய்விட்டது. யாரோ ஒருவர் வாய் திறந்ததுமே, "அது போன வருஷமே போட்டாச்சே" என்று மூலையிலிருந்து ஒரு குரல் வரும். அதற்குப் பிறகு கூட்டத்தில் பேசுவது அந்தக் குரலும் முதலாளியும்தான்.

வட்டமாக உட்காருவதும் அப்படியொன்றும் பெரிய உதவி இல்லை. 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாலு பேர் சேர்ந்து பேசிய குழுவைவிட, தனித்தனியாக உட்கார்ந்து யோசித்த நாலு பேரின் யோசனைகளைச் சேர்த்தபோது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கிடைத்தது. 1987இல் மைக்கேல் டீல், வோல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இருவர் இதன் காரணத்தைத் தோண்டினார்கள். பெரிய காரணம் சாதாரணமானது: ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் வந்த யோசனை மறந்துபோகிறது, அல்லது சொல்லத் தேவையில்லை என்று தோன்றிவிடுகிறது.

அதனால் குழுவோடு வேலை என்றால் நான் யாரையும் பேசவிடுவதில்லை. பெர்ன்ட் ரோர்பாக் என்ற ஜெர்மானியர் 1960களின் கடைசியில் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. ஆறு பேர், ஆளுக்கு மூன்று யோசனை, ஐந்து நிமிடம். எழுதியதும் தாளைப் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிட வேண்டும். அவர் அதைப் படித்து, அதன் கீழே தன் மூன்றை எழுதுவார். ஆறு சுற்று முடிந்தால் அரை மணி நேரத்தில் 108 வரிகள். பாதி ஒன்றையொன்று ஒத்திருக்கும், கொஞ்சம் உளறலாகவும் இருக்கும். இருக்கட்டும். கூட்டத்தில் வாயே திறக்காத பெண்ணின் கையெழுத்தில் நல்ல தலைப்பு இருப்பதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

தனியாக எழுதுபவருக்கு அதுவும் வேண்டாம். ஒரு தாள், போனில் அலாரம். ஒன்று முதல் நாற்பது வரை எண்களை முதலிலேயே ஓரத்தில் போட்டுவிட வேண்டும். இதுதான் முக்கியம், ஏனென்றால் எண் இல்லாவிட்டால் பத்தோடு எழுந்துவிடுவோம். மூன்றாவதாக வந்ததைவிட முப்பதாவதாக வருவது நன்றாக இருக்கும் என்று யாருக்கும் முன்கூட்டியே தோன்றுவதில்லை. பிரையன் லூகாஸ், லோரன் நோர்ட்கிரென் இருவரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது: இன்னும் கொஞ்ச நேரம் யோசித்தால் எவ்வளவு வரும் என்று கேட்டால், உண்மையில் வருவதைவிடக் குறைவாகத்தான் மக்கள் சொல்கிறார்கள்.

அந்தப் பிசியோதெரபிஸ்டின் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் எட்டு, இணையத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடப்பவை: 'முதுகு வலிக்கு 7 காரணங்கள்', 'சரியாக உட்காருவது எப்படி' வகையறா. பதினொன்றிலிருந்து பதினாறு வரை வெறும் கோடு. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னை முறைத்தார். "கடைசியா வந்தவர் கதவுக்கிட்ட போய்த் திரும்பி ஏதாவது கேட்டாரா?" என்றேன். உள்ளே இருக்கும்போது கேட்கக் கூச்சப்பட்டதை, கதவுப்பிடியில் கை வைத்த பிறகு கேட்பார்கள். கேட்க வந்ததே பல சமயம் அதைத்தான். பதினேழிலிருந்து பேனா ஓடியது. 19: 'வலி குறைந்ததும் பயிற்சியை விட்டுவிடுபவர்கள்'. 23: 'ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அழுதுகொண்டே வருபவர்கள்'.

இந்த 23 பற்றிக் கேட்டதும் அவர் கொட்டித் தீர்த்துவிட்டார். ரிப்போர்ட்டில் 'டிஸ்க் பல்ஜ்' (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் வட்டு கொஞ்சம் பிதுங்கியிருப்பது) என்று பார்த்ததுமே முதுகெலும்பே போய்விட்டது என்று பயந்து வருகிறார்களாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை வைத்துச் செய்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று 2015இல் வந்தது. அதில் இருபது வயதுக்காரர்களிலேயே 30 சதவீதம் பேருக்கு இந்தப் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதில் 84 சதவீதம். அவர் இதை நோயாளிகளிடம் நூறு முறை சொல்லியிருப்பார். எழுதலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை.

இன்னொரு பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலியைத் திறந்து, "ஐம்பது தலைப்பு கொடு" என்று கேட்பது. நானும் கேட்பதுண்டு, ஆனால் என் நாற்பதை எழுதிய பிறகுதான். 2024இல் சிறுகதைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், இயந்திரம் தந்த யோசனையை வைத்து எழுதிய கதைகள் தனித்தனியாகப் பார்த்தால் மேலாகத் தெரிந்தன. எல்லாவற்றையும் சேர்த்து வைத்தபோது, ஒன்றுக்கொன்று அண்ணன் தம்பி மாதிரி இருந்தன. உங்கள் கிளினிக் கதவருகே என்ன கேட்டார்கள் என்று அதற்கு எப்படித் தெரியும்?

கேள்வியை எடுத்துக்கொள்ளலாம், கேட்டவரை எடுக்கக் கூடாது. ஒரு வக்கீலின் டிராஃப்ட் வந்தது. பெயரை மாற்றியிருந்தார், ஆனால் வயது, வேலை, எத்தனை பிள்ளைகள், வழக்கு எந்த மாதம் தொடங்கியது என்பதெல்லாம் அப்படியே இருந்தன. அந்தக் குடும்பத்தின் உறவினர் ஒருவர் படித்தால் போதும், யாரென்று தெரிந்துவிடும். "ஆளைத்தான் மாத்திட்டேனே" என்றார். பெயரை மட்டும்தான் மாற்றியிருந்தார். அந்த ஆள் அப்படியே இருந்தார். நாலு கட்சிக்காரர்களிடம் பொதுவாக இருந்த சிக்கலை எடுத்து மறுபடி எழுதினோம். கட்டுரையும் பளிச்சென்று ஆனது.

தீர்ப்பு சொல்லும் வேலை மறுநாள். அதே நாளில் வேண்டாம். களைப்பில் எல்லாமே மட்டமாகத் தெரியும். நான் ஒவ்வொரு தலைப்பிடமும் கேட்பது ஒன்றுதான்: இதில் நான் கண்ணால் பார்த்த ஒரு விஷயம் இருக்கிறதா? இல்லையென்றால் அடி. 'முதுகு வலிக்கு 7 காரணங்கள்' அங்கேயே போய்விடும். நாற்பதில் எட்டு, ஒன்பது தங்கினால் இரண்டு மாதத்துக்குக் கவலையில்லை.

அந்தத் தாளில் 31ஐ அவர் மறுநாள் வரைகூட விட்டுவைக்கவில்லை. எழுதிய கையோடு அடித்திருந்தார். கோட்டுக்கு அடியில் படிக்க முடிந்தது: 'கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது'.

"இதை ஏன் அடிச்சீங்க?"

"இதெல்லாம் ஒரு விஷயமா சார்? வலி இல்லாத பக்கத்துக் கையிலதான் பிடிக்கணும். வலது முழங்கால் வலின்னா தடி இடது கையில. யாருக்குத் தெரியாது?"

எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வலது கணுக்கால் பிசகி, மூன்று வாரம் வலது கையிலேயே தடியை ஊன்றி நடந்தவன் நான். சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தாளை வாங்கி, அடித்ததன் மேலேயே மறுபடி எழுதினார்.