வெள்ளை எழுத்து ரோஸ் ஆன கதை: டிஷர்ட் பிரிண்டிங் தொடங்க நினைப்பவர்களுக்கு

வாரத்துக்கு ரெண்டு பேராவது போன் செய்து கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணா, டிஷர்ட் பிரிண்டிங் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், எந்த மெஷின் வாங்கட்டும்?" மெஷினை அப்புறம் பார்ப்போம், துணி பார்த்து வாங்கத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டால் அந்தப் பக்கம் சத்தமே வராது.

நானும் அப்படித்தான் இருந்தேன். திருவல்லிக்கேணியில் ஒரு பிரஸ்ஸில் கல்யாணப் பத்திரிகைக்கு ஸ்க்ரீன் (சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை வழியாக மை இறக்குவது) அடித்துக்கொண்டிருந்தவன், காகிதத்தில் அடிக்கத் தெரிந்தவனுக்குத் துணி என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பில், வில்லிவாக்கத்தில் வீட்டு மாடியில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு மேசை, நாலு ஸ்க்ரீன், யாரோ விற்ற பழைய ஹீட் பிரஸ் (துணியைச் சூட்டோடு அழுத்துகிற மெஷின்) என்று கடையைப் போட்டுவிட்டேன். முதல் பெரிய ஆர்டர் ஒரு கல்லூரி விழாவுக்கு 60 டிஷர்ட், மெரூன் கலரில் வெள்ளை எழுத்து. துணிக்காரர் "பக்கா காட்டன்" என்று கையில் அடித்துச் சொன்னார். ராத்திரி பதினோரு மணிக்கு அடித்து முடித்தபோது எழுத்து பளிச்சென்று இருந்தது. காலையில் கட்டைப் பிரித்தால் அறுபதும் ரோஸ்.

துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது. அதில் ஏற்றிய சாயம் அதிகச் சூட்டில் ஆவியாகி, மேலே இருக்கிற வெள்ளை மைக்குள் ஏறிவிடும். சிவப்பு, மெரூன் இரண்டும் இதில் மோசம். சில சமயம் உடனே தெரியாது, மணிக்கணக்கில் கழித்துத்தான் காட்டும். அந்தப் பையன்களிடம் என்ன விளக்கம் சொல்வது? திருப்பூரிலிருந்து பஸ் பார்சலில் காட்டன் பீஸ் வரவழைத்து, என் கைக்காசில் அறுபதையும் திரும்ப அடித்துக் கொடுத்தேன்.

அதிலிருந்து புது லாட் வந்தால் முதல் வேலை, ஓரத்து நூல் நாலைந்து உருவித் தீக்குச்சி காட்டுவது. காட்டன் என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் உருகி நுனியில் கெட்டியாக மணி மாதிரி நிற்கும். இரண்டு ரகமும் சேர்ந்து தெரிந்தால் கலப்பு. அடுத்தது கனம். 180 ஜிஎஸ்எம் என்பார்கள், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி 180 கிராம். நம்ப வேண்டியதில்லை, ஒரு பீஸை பலி கொடுத்து 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக வெட்டி, நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசில் வையுங்கள். 1.8 கிராம் காட்டினால் சொன்னது சரி. 1.5 காட்டினால் விலையை மறுபடி பேசலாம்.

மை விஷயத்தில் நம்மை ஏமாற்றிக்கொள்வது நாமேதான். ஸ்க்ரீனில் அடிக்கிற பிளாஸ்டிசால் (பிளாஸ்டிக் கலந்த) மை காற்றில் காயவே காயாது, மேலிருந்து அடிவரை சுமார் 160 டிகிரி ஏறினால்தான் வேகும். மேலே தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பார்சல் கட்டினால் ரெண்டு துவையலில் உதிரும். பிரிண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பாளம் பாளமாக வெடித்தால் வேகவில்லை. லாட்டுக்கு ஒரு பீஸை வாஷிங் மெஷினில் போட்டுப் பார்க்காமல் நான் டெலிவரி கொடுப்பதில்லை.

சரி, மெஷின். இப்போது டிடிஎஃப் ஷீட்டை (டிசைனை ஃபிலிமில் அடித்து, சூட்டில் அழுத்தித் துணிக்கு மாற்றுவது) மீட்டர் கணக்கில் அடித்துக் கொடுக்கச் சென்னையிலேயே ஆள் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது நல்ல ஹீட் பிரஸ், அதற்கு 15 ஆம்ப் பிளக் பாயின்ட், அவ்வளவுதான். டிடிஎஃப் பிரிண்டரையே வாங்கிவிட்டுத் தினமும் ஓட்ட ஆர்டர் இல்லையென்றால் வெள்ளை மை தங்கி, மை தெளிக்கிற ஹெட் அடைத்துக்கொள்ளும்.

தமிழ் எழுத்து அடிக்கும்போது ஒரு தடவைக்கு நாலு தடவை பாருங்கள். சில டிசைன் சாஃப்ட்வேரில் 'கொ' என்று போட்டால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறும். ஃபைலை அவுட்லைனாக (எழுத்து ஃபான்ட்டை நம்பாமல் வெறும் வடிவமாக நிற்கும்படி) மாற்றி, வாட்ஸாப்பில் அனுப்பி, "ஓகே" என்று எழுத்தில் வாங்கிய பிறகுதான் ஸ்க்ரீன் போட வேண்டும். பாதிப் பணமும் அப்போதே.

கிரிக்கெட் டீம் லோகோ, கார்ட்டூன் பொம்மை கேட்டு வருவார்கள். "எல்லாரும்தான் அடிக்கிறாங்க" என்பார்கள். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலும் 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்திலும் இதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறை இருக்கிறது, அபராதம் தனி. மாட்டுவது அடித்துக் கொடுத்தவன். நான் உரிமைக் கடிதம் கேட்பேன். பாதிப் பேர் திரும்பி வருவதில்லை, போகட்டும்.

அப்புறம் நம்ம ஊர் மழை. நவம்பரில் எமல்ஷன் (டிசைனை ஸ்க்ரீனில் பதிக்கப் பூசுகிற மருந்து) பூசிய ஸ்க்ரீன் காயவே மாட்டேன் என்னும், டிசைன் துணியில் ஒட்டுவதற்கான டிடிஎஃப் பவுடர் ஈரம் இழுத்துக் கட்டி தட்டும். பவுடர் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன், ஸ்க்ரீனுக்கு மூடிய பெட்டிக்குள் ஃபேன் ஓடுகிறது. அப்படியும் ஐப்பசி, கார்த்திகையில் வருகிற ஆர்டருக்கு ரெண்டு நாள் தள்ளித்தான் தேதி சொல்கிறேன்.