பிரேக்கில் கரையும் பெட்ரோல்

1,200 கிலோ எடையுள்ள ஒரு கார், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 கி.மீ. வேகத்தை எட்டும்போது அது பெறும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 167 கிலோஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. அதில் கால் பங்குதான் சக்கரங்களை வந்தடைகிறது என்று வைத்துக்கொண்டால், இப்படி ஒருமுறை வேகமெடுப்பதற்கே 20 மில்லிலிட்டர் பெட்ரோல் தேவை. உடனே பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினால், அந்த ஆற்றலின் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிக் காற்றோடு போய்விடும். 50 முறை இப்படி நின்று கிளம்பினால் ஒரு லிட்டர் தீர்ந்துவிடும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று மெக்கானிக்கைத் தேடுவதற்கு முன் இந்தக் கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தொலைவில் சிவப்பு விளக்கு தெரிந்ததுமே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சேர்த்துவைத்த வேகமே வண்டியை அதுவரை கொண்டுசேர்க்கும். அப்போது கியரை நியூட்ரலுக்கு மாற்றக் கூடாது. கியரில் இருக்கும்வரை சக்கரங்களே எஞ்சினைச் சுழற்றுவதால், எரிபொருளைப் பீய்ச்சிச் செலுத்தும் இன்ஜெக்டர் உள்ள கார்களில் எரிபொருள் வரத்து பெரும்பாலும் அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலிலோ எஞ்சின் அணையாதிருக்கவே பெட்ரோல் எரிய வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் நியூட்ரலில் இறங்குவது சிக்கனம் என்ற நம்பிக்கை தவறானது மட்டுமல்ல, எஞ்சினின் பிடிமானம் இல்லாமல் போவதால் ஆபத்தானதும்கூட.

நெடுஞ்சாலையில் எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடியாகக் கூடுவதால், 80 கி.மீ. வேகத்தில் இருந்ததைவிட 100 கி.மீ. வேகத்தில் அது 56 சதவீதம் அதிகம்.

பராமரிப்பில் நான் முதலிடம் தருவது டயர் காற்றுக்குத்தான். டயர் உருளும்போது தரையில் படும் பகுதி நசுங்கி மீள்கிறது; நசுங்கச் செலவான ஆற்றல் முழுவதும் திரும்பக் கிடைக்காமல் ஒரு பகுதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாகிறது. காற்று குறையக் குறைய இந்த இழப்பு கூடும். ஓடிச் சூடேறிய டயர் கூடுதல் அழுத்தம் காட்டும் என்பதால், வண்டியை எடுப்பதற்கு முன்பே அளக்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் மைலேஜ் குறையும் என்று பலரும் சொல்வது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்த கார்புரேட்டரின் காலத்துக்குப் பொருந்தியது. இன்றைய பெட்ரோல் எஞ்சின்கள் உள்ளே வரும் காற்றுக்கு ஏற்பவே எரிபொருளைச் செலுத்துவதால், அடைத்த ஃபில்டர் எஞ்சினின் இழுவைத் திறனைக் குறைக்குமே தவிர மைலேஜை அவ்வளவாகப் பாதிக்காது. பலர் கவனிக்கத் தவறுவது, காலை எடுத்த பிறகும் முழுமையாக விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும் பிரேக்கைத்தான். அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்திய பின்பும் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் வீசினால், அதைத் தொட்டுப் பார்க்காமல், அன்றே கழற்றிச் சரிசெய்துவிட வேண்டும்.