ஏரியில் அபூர்வப் பறவையா? கொஞ்சம் பொறுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் என் வாட்ஸ்அப்புக்குப் பறவைப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். சென்னையில் ரெட்டேரி, மாதவரம், கொரட்டூர், மணலி என்று பக்கத்து ஏரிக்கரைகளில் நின்று எடுத்தவை. கூடவே ஒரு கேள்வி: "டாக்டர், இது ரேர் பேர்டுதானே?" நான் கால்நடை மருத்துவன். நாய், பூனையோடு பறவைகளுக்கும் வைத்தியம் பார்ப்பதால், ஊர் பேர் தெரியாத பறவை எல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. வரும் படங்களில் பெரும்பாலானவை நமக்கு நன்றாகத் தெரிந்த பறவைகள்தான். குளிர்காலத்தில் வேறு மாதிரி இருக்கின்றன, அவ்வளவே.

நீளவால் இலைக்கோழியையே எடுத்துக்கொள்ளுங்கள். இனப்பெருக்கக் காலத்தில் அதை யாரும் தவறவிட முடியாது. வளைந்து நீண்ட கறுப்பு வால், கருஞ்சாக்லேட் வயிறு, பிடரியில் பொன்மஞ்சள். குளிர்காலத்தில் அந்த வால் இருக்காது; வயிறு வெளுத்து, முதுகு பழுப்பாகிவிடும். கழுத்தின் பக்கவாட்டில் இறங்கும் கருங்கோடு மார்பில் ஒரு பட்டையாக முடியும். புத்தகத்தில் நீண்ட வாலுள்ள படத்தை மட்டும் பார்த்து வைத்தவர்களுக்கு இது புதுப் பறவைதான். ஆனால் ஆகாயத்தாமரை மேல் நடக்க உதவும் அந்த நீள விரல்கள் எங்கே போகும்? பறக்கும்போது தெரியும் வெள்ளை இறக்கையும் மாறாது.

வாத்துகளில் குழப்பம் இன்னும் அதிகம். வடக்கிலிருந்து வரும் ஆண் நீலச்சிறகிக்குக் கண்ணுக்கு மேலே பட்டையாக ஒரு வெள்ளைப் புருவம் உண்டு. ஆனால் வந்து இறங்கும்போது அந்தப் புருவம் இருக்காது. ஆணும் பெண்ணும் ஒரே பழுப்பாக இருக்கும். ஜனவரி, பிப்ரவரிவாக்கில்தான் புருவம் முழுசாகத் தெளியும். அதுவரை முகத்தைப் பாருங்கள். கண்ணை ஒட்டி ஒரு கருங்கோடு, கன்னத்தில் இன்னொன்று, அலகின் அடியில் வெளிறிய ஒரு பொட்டு. இந்த வரிகள் மங்கலாகவும், வால் ஓரத்தில் வெளிர்க் கீற்றும் தெரிந்தால் அது கிளுவை என்ற இன்னொரு வாத்தாக இருக்கலாம். நிறம் கடைசி. அலகு, கால், வால், நடை, இரை தேடும் விதம், பக்கத்தில் நிற்கும் பறவையோடு ஒப்பிட்ட அளவு, இதெல்லாம் முதலில். நெற்றியில் வெள்ளை நாமமுள்ள கறுப்பு நாமக்கோழி ஒன்று பக்கத்தில் நின்றால் போதும், புதிய பறவையின் அளவு தெரிந்துவிடும்.

உள்ளான்கள் என்ற சிறு கரைப்பறவைகளைத் தேடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏரி தளும்பி நிற்கும் கார்த்திகையில் போனால் ஏமாற்றம்தான். அவற்றுக்குச் சேறும் கணுக்கால் தண்ணீரும் வேண்டும். தை, மாசியில் தண்ணீர் இறங்கிச் சேறு தெரியும்போது போங்கள். கரையோரம் ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டே நடந்தால், மார்புப் பழுப்புக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு வெள்ளை ஆப்பு ஏறியிருந்தால், அது சாதாரண உள்ளான். முதுகெல்லாம் பொரி, நீண்ட வெளிர்ப் புருவம், எழும்பும்போது வால் தொடங்கும் இடத்தில் முதுகுப் பக்கம் வெள்ளை, கூடவே கீச்சென்று கத்தல் என்றால் பொரி உள்ளான். இந்த இரண்டையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். மூன்றாவதாக ஒன்று வந்து நின்றால், அது வேறு என்று கண்ணே சொல்லிவிடும்.

வெளிச்சமும் ஏமாற்றும். காலையில் சூரியனைப் பார்த்து நின்றால் எல்லாமே கறுப்புப் பறவைதான். கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள். நம் பக்கத்து நீர்நிலைகளில் கறை இன்னொரு சிக்கல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, கூழைக்கடாக்களின் இறகில் அது கறுப்பாக அப்பிக்கொண்டது. தெரியாதவர் பார்த்தால் வேறு இனம் என்றே நினைப்பார். எண்ணெய் பட்ட இறகு தண்ணீரைத் தடுக்காது. பறவை அலகால் கோதிக் கோதி அந்த எண்ணெயை விழுங்கவும் செய்யும். அப்படி ஒன்றைக் கண்டால் பிடித்து சோப்பு போட்டுக் கழுவக் கிளம்பாதீர்கள். ஏற்கெனவே குளிரில் ஒடுங்கிய பறவை அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும். வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

அப்புறம், கூண்டிலிருந்து தப்பியவை. கொளத்தூரில் வண்ணமீன் கடைகளுக்குக் குறைவில்லை, வளர்ப்புப் பறவை வைத்திருப்பவர்களும் நிறைய. ஒரு தம்பி மஞ்சள் கொண்டையோடு ஒன்றைக் கொண்டுவந்து, "இமயமலைப் பறவை சார், நெட்ல பார்த்தேன்" என்றான். கையில் இருந்தது காக்கட்டியல், ஆஸ்திரேலியாக் கிளி. காலில் வளையம் வேறு. அதற்காக வளையம் என்றாலே வளர்ப்பு என்றும் முடிவு கட்டாதீர்கள். ஆய்வுக்காகப் பறவைகளுக்கு பி.என்.எச்.எஸ். (பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்) மாட்டும் உலோக வளையத்தில் எண்ணும் தகவல் சொல்ல வேண்டிய இடமும் பொறித்திருக்கும். எண்ணைப் படம் எடுத்து அனுப்பினால், அந்தப் பறவைக்கு எங்கே வளையம் மாட்டினார்கள் என்பது தெரியவரும்.

செயலிகளை நம்பலாமா? பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி நல்ல உதவியாள், தீர்ப்பு சொல்பவர் இல்லை. பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் தளமான ஈபேர்டில் வழக்கத்துக்கு மாறான பறவையைப் பதிந்தால் விவரம் கேட்பார்கள். சிலர் அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அது புரியவில்லை. கேட்காமல் ஏற்றுக்கொண்டால் அந்தப் பட்டியலுக்கு என்ன மதிப்பு? 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்ந்து பாருங்கள். நாலு பேரோடு நின்று வாதாடிப் பெயர் கண்டுபிடிக்கும்போது வரும் தெளிவு, தனியாகத் திரையைத் தேய்ப்பதில் வராது.

நிஜமாகவே புதிதாக ஒன்று நிற்கிறதா? புத்தகத்தைத் திறக்கும் முன் பார்த்ததை எழுதிவிடுங்கள். திறந்த பிறகு எழுதினால், பார்க்காததையும் பார்த்ததாக எழுதிவிடுவோம். தெளிவில்லாவிட்டாலும் பல கோணங்களில் படம், எழும்பும்போது இறக்கை தெரியும்படி ஒன்று, குரல் பதிவு. கிட்டே போகாதீர்கள். மேய்வதை நிறுத்திவிட்டுக் கழுத்தை நீட்டினால் அது உங்களைக் கவனித்துவிட்டது. அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் பின்வாங்குங்கள். பிப்ரவரி, மார்ச்சில் வலசைப் பறவைகள் திரும்பிப் பறக்கக் கொழுப்பு சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறோம். ஒரு படத்துக்காகக் கல் எறிந்து எழுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வரும் கோபத்தை இங்கே எழுத முடியாது.

அக்டோபரில் வீட்டுக்குள் வந்து விழும் ஆறுமணிக்குருவி தனி ரகம். பச்சை முதுகு, நீலத் தோள், வால் அடியில் சிவப்பு, குட்டை வால். அத்தனை நிறத்தையும் பார்த்ததும் வெளிநாட்டுப் பறவை என்று கூண்டுக்கு ஓடுகிறார்கள். இது இந்தியப் பறவைதான். இரவில் தெற்கே வலசை போகும் வழியில் களைத்தோ கண்ணாடியில் மோதியோ விழுகிறது. காட்டுப் பறவையைக் கூண்டில் வைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

களைத்தோ அடிபட்டோ விழுந்த பறவை கிடைத்தால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில், அடியில் துணி விரித்து, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பறவைக்கு மூச்சுக்குழாயின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடும். பால், ரொட்டியும் வேண்டாம். மாஞ்சா நூல் சதையில் இறங்கியிருந்தால் உருவாதீர்கள், இறக்கைச் சவ்வு கிழியும்; இரு பக்கமும் நறுக்கிவிட்டு அப்படியே கொண்டுவாருங்கள். கொக்கு, நாரை என்றால் முதலில் அலகைப் பிடியுங்கள், கண்ணைக் குறிவைத்துக் குத்தும். கூழைக்கடா, நீர்க்காகத்தின் அலகை மட்டும் இறுக்கிக் கட்டிவிடாதீர்கள், அவை வாயால்தான் மூச்சுவிடுகின்றன.