சைட் கயிறு வேறு, பாலைவனப் பாறை வேறு

கடலூர், பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் பக்கமிருந்து வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளில் சிலர் இப்போது கயிற்று வேலைக்குப் போகிறார்கள். உயரமான கட்டடத்தின் கண்ணாடியைத் துடைப்பது, சிம்னிக்குப் பெயின்ட் அடிப்பது, எண்ணெய்த் தொட்டியின் வெல்டிங்கைச் சோதிப்பது என்று எல்லாமே கயிற்றில் தொங்கியபடி செய்யும் வேலை. ரோப் ஆக்சஸ் என்பார்கள். அதற்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில்.

கொஞ்ச காலமாக அந்தப் பிள்ளைகள் அனுப்பும் படங்களில் கட்டடங்கள் குறைந்து மலைகள் கூடிவருகின்றன. வார விடுப்பில் எமிரேட்ஸில் ராஸ் அல் கைமாவின் ஜெபல் ஜைஸ் மலை அடிவாரம், ஓமான் பக்கத்து வாடிகள் (வறண்ட ஓடைப் பள்ளத்தாக்குகள்), சேர்த்து வைத்த லீவில் ஜோர்டானின் வாடி ரம். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ரூம், சைட், மறுபடி ரூம் என்று ஓடும் வாழ்க்கையில் ஏறிப் பார்க்க ஒரு மலை கிடைப்பது பெரிய விஷயம். ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது என் கண் முதலில் கயிற்றின் மேல்தான் போகிறது. சில படங்களில் அங்கே தெரிவது பயத்தைத் தருகிறது. அந்தப் பயத்தில் எழுதுகிறேன்.

முதலில் தரக்குறி. "சார், இது வெறும் 5சி பாதைதான்" என்று எழுதுகிறார்கள். பாறையேற்றப் பாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் உண்டு. பிரெஞ்சு முறையில் 5சி, 6ஏ என்று ஏறிக்கொண்டே போய் இன்று 9சி வரை வந்திருக்கிறது. அமெரிக்க முறையில் 5.0 முதல் 5.15 வரை. இந்த எண் சொல்வதெல்லாம் ஏறுவது எவ்வளவு கடினம் என்பதை மட்டும்தான். விழுந்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது. அமெரிக்கப் பாதைகளில் எண்ணுக்குப் பக்கத்தில் ஆர், எக்ஸ் என்று எழுத்து போட்டிருந்தால், அங்கே கயிற்றை மாட்ட இடம் குறைவு, விழுந்தால் பலத்த காயமோ உயிர்ச்சேதமோ ஆகலாம் என்று அர்த்தம். அந்த எழுத்தைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பார்த்து ஏறுபவர்களை நினைத்தால் எனக்குப் பதறுகிறது. பிரெஞ்சு எண்ணில் அந்த எச்சரிக்கைக்கும் இடமில்லை. பாறை எப்படி, கயிற்றை மாட்டப் பாறையில் பதித்திருக்கும் போல்ட் எப்படி, இறங்கும் வழி எங்கே என்று பாதை விவரத்தை வரி வரியாகப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி கயிறு. இதற்குத்தான் நான் அதிகம் மல்லுக்கு நிற்கிறேன்.

"சார், கம்பெனியில பழைய கயிறு கழிச்சுட்டாங்க. நல்லாத்தான் இருக்கு. மலைக்கு எடுத்துட்டுப் போலாமா?" என்று ஒரு தம்பி போனில் கேட்டார். "முனையில ஒட்டியிருக்கிற பட்டையைப் பாருங்க தம்பி. என்ன எழுத்து இருக்கு?" என்றேன். "ஏ-ன்னு போட்டிருக்கு சார்." "அப்ப அது பாறையில முன்னால ஏறுறவனுக்கு ஆகாது. கழிச்ச கயிறுங்கிறது ரெண்டாவது பிரச்சினை. புதுசா இருந்தாலும் ஆகாது."

நாம் வேலையில் பயன்படுத்துவது ஸ்டேட்டிக் கயிறு. ஐரோப்பியத் தரம் ஈஎன் 1891. ஆள் தொங்கும்போது அது 5 சதவீதத்துக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி. நீண்டால் வேலை பார்க்க முடியாது, ஆடிக்கொண்டே இருப்போம். பாறையேற்றத்துக்கானது டைனமிக் கயிறு. தரம் ஈஎன் 892. ஆள் விழும்போது அது 30 சதவீதத்துக்கு மேலேகூட நீண்டு, விழுந்த வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். முனையில் வட்டத்துக்குள் 1 என்று போட்டிருந்தால் அது ஒற்றையாகப் பயன்படுத்தும் டைனமிக் கயிறு. ஏ என்றோ பி என்றோ இருந்தால் ஸ்டேட்டிக்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? சைட்டில் ஆங்கர், அதாவது கயிற்றைக் கட்டியிருக்கும் இடம், எப்போதும் நம் தலைக்கு மேலேதான் இருக்கும். வேலைக் கயிறு ஒன்று, காப்புக் கயிறு ஒன்று என்று இரண்டு இருக்கும். ஒன்று அறுந்தாலும் ஓரிரு அடி இறங்கி நின்றுவிடுவோம். பாறையில் லீட் ஏறுபவன், அதாவது முன்னால் ஏறுபவன், ஆங்கரைக் கீழே விட்டுவிட்டு மேலே போகிறான். கடைசியாக மாட்டிய போல்ட்டுக்கு 3 மீட்டர் மேலே போய் விழுந்தால், போல்ட்டைத் தாண்டி இன்னும் 3 மீட்டர் போய்த்தான் நிற்பான். ஆக 6 மீட்டர் வீழ்ச்சி. அதுவும் பாறையின் நடு உயரத்தில் பிலே கொடுப்பவர் (ஏறுபவரின் கயிற்றைப் பிடித்துக் காப்பவர்) நிற்கும் இடத்திலிருந்து ஏற ஆரம்பித்து, எதையும் மாட்டுவதற்கு முன்பே விழுந்தால், வெளியே இருக்கும் 3 மீட்டர் கயிறு மட்டுமே 6 மீட்டர் வீழ்ச்சியைத் தாங்க வேண்டும். வீழ்ச்சி தூரத்தைக் கயிற்று நீளத்தால் வகுத்தால் வருவது 2. அதைவிட மோசமான கணக்கு பாறையில் வழக்கமாக வராது. நீளாத கயிற்றில் அந்த அடி முழுக்க இடுப்புக்கும் முதுகெலும்புக்கும் ஆங்கருக்கும் போகும். வேலையிடத்து ஷாக் அப்சார்பர் அடியை 6 கிலோநியூட்டனுக்குள் நிறுத்தும்படி செய்யப்பட்டது. பாறையில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் கயிறுதான்.

இறங்கும் கருவியிலும் இதே சிக்கல் இருக்கிறது. நம் டிசெண்டரில் கைப்பிடியை விட்டால் அது தானே பிடித்து நின்றுவிடும். மாதக்கணக்கில் அதில் தொங்கிய கைக்கு, விட்டால் நிற்கும் என்பது பழக்கமாகவே ஆகிவிடுகிறது. பாறையேறுபவர்கள் பயன்படுத்தும் சாதாரண ட்யூப் கருவியும் எட்டு வடிவ வளையமும் அப்படி நிற்காது. கீழ்க்கயிற்றை விட்ட நொடியில் ஆள் போய்விடுவான். அதனால் அதில் இறங்கும்போது கருவிக்குக் கீழே பிரூசிக் மாதிரி ஒரு பிடிமுடிச்சு போட்டே ஆக வேண்டும். கை நழுவினால் அது பிடிக்கும். எங்கள் பிள்ளைகளுக்கு முடிச்சு போடத் தெரியும். அங்கே அது வேண்டும் என்று தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து பாறை. இதைச் சொல்ல நம் ஊரே போதும். நிலவியல்காரர்கள் கடலூர் மணற்கல் என்று ஒரு பாறை அடுக்குக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். கேப்பர் மலையில் செக்கச்செவேல் என்று தெரிவது அதுதான். நெய்வேலிப் பக்கம் பழுப்பு நிலக்கரியோடும் நிலத்தடி நீரோடும் சேர்ந்திருப்பதும், புதுச்சேரிக்கு அந்தப் பக்கம் திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதும் அதே அடுக்கில்தான். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அந்தச் செம்பாறையில் ஒரு துண்டைக் கையில் எடுத்து அழுத்திப் பாருங்கள், மணலாக உதிர்ந்து விழும். மணல் துகள்களை ஒட்டிவைத்திருக்கும் களிமண்ணும் மற்றப் பசைப்பொருளும் தண்ணீர் பட்டால் இளகிவிடுகின்றன.

வாடி ரம்மின் பாறையும் மணற்கல்தான். கருங்கல் அடித்தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுமார் 50 கோடி ஆண்டு பழைய மணற்கல். நம்முடையதைவிட எவ்வளவோ கெட்டி. ஆனாலும் நனைந்தால் பலம் இழக்கும் குணம் அதற்கும் உண்டு. மேலே கருத்த தோல் மாதிரி ஒரு பொருக்கு இருக்கும், உள்ளே மென்மை. வெயில் அடித்து மேற்பரப்பு காய்ந்த பிறகும் உள்ளே ஈரம் நிற்கும். அமெரிக்காவில் லாஸ் வேகாஸ் பக்கத்து ரெட் ராக் மணற்கல்லில், மழை விட்டு 24 முதல் 72 மணி நேரம் வரை ஏறாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். பாறையடியில் மண்ணைக் கொஞ்சம் தோண்டிப் பாருங்கள். கீழே ஈரம் இருந்தால் பாறைக்குள்ளும் ஈரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரப் பாறையில் பிடி உடைந்தால் ஏறுபவருக்கு ஆபத்து, பாதைக்கும் அது நிரந்தர இழப்பு. அடுத்து வருபவருக்கு அந்தப் பிடி இல்லை.

வாடி ரம்மைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1984-இல் டோனி ஹோவர்ட், டை டெய்லர் உள்ளிட்ட ஒரு பிரிட்டிஷ் குழு வந்த பிறகுதான் உலகத்தின் பாறையேறிகளுக்கு அந்த இடம் பரவலாகத் தெரிந்தது. அதற்கு எத்தனையோ காலம் முன்பே அங்குள்ள பெதூவின் என்ற பாலைவன மக்களின் வேட்டைக்காரர்கள் மலையாட்டைத் துரத்திக்கொண்டு கயிறில்லாமல் அந்த மலைகளில் ஏறியிறங்கியிருக்கிறார்கள். அவர்கள் வழிகள் இன்றும் பெதூவின் பாதைகள் என்ற பெயரிலேயே இருக்கின்றன. எண்ணைப் பார்த்தால் சுலபம். ஆனால் ஜெபல் ரம் உச்சி முழுக்க உருண்டை உருண்டையான குவிமாடங்களும் நடுநடுவே பிளவுகளும். வழி தவறினால் இருட்டிவிடும். அந்தப் பாதைகளுக்கு உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். அவர்களுக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவே இல்லை.

எமிரேட்ஸ், ஓமான் பக்கம் ஹஜர் மலைத்தொடரில் பிள்ளைகள் ஏறுவது பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறை. ஓமானின் ஜெபல் மிஷ்தில் 1979-இல் பிரெஞ்சுக்காரர்கள் ஏறிய தூண் பாதை கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். அங்கே நனைவதைவிடப் பெரிய கவலை, விளிம்புகளின் கூர்மையும் தளர்ந்து நிற்கும் கற்களும். கத்தி போன்ற விளிம்பில் கயிறு உரசினால் அறுந்துவிடும். சைட்டில் விளிம்புக்குக் காப்பு போடாமல் கயிறு விடுவீர்களா? மாட்டீர்கள்தானே. ஹெல்மெட் பற்றியும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். படங்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன்: மலையடியில் நின்று பிலே கொடுப்பவரும் போட வேண்டும்.

போல்ட் விஷயத்தில், கடற்கரையில் பிறந்த நமக்கு உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்று தெரியும். துருவாவது கண்ணுக்குத் தெரியும். துருப்பிடிக்காத எஃகில், உப்பும் சூடும் சேர்ந்தால், வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே மயிர்க்கோடாக விரிசல் ஓடும். தாய்லாந்தின் கடலோரப் பாறைகளில் இப்படி போல்ட்டுகள் முறிந்த பிறகுதான் டைட்டானியம் போல்ட்டை ஒட்டவைக்க ஆரம்பித்தார்கள். கடலுக்குப் பக்கத்துப் பாறையில் பளபளப்பை நம்பி ஒரே போல்ட்டில் தொங்காதீர்கள். ஆங்கருக்கு எப்போதும் இரண்டு. பாறையில் ஏற்கெனவே கட்டிக் கிடக்கும் வெளுத்துப்போன நாடாவும் அப்படித்தான். பாலைவன வெயிலில் நைலான் பலம் போய்விடும். புதிய நாடா கொண்டுபோய்க் கட்டுங்கள்.

இறங்குவதில்தான் கவனம் தளர்கிறது. ஏறி முடித்த சந்தோஷம், களைப்பு, குளிர்காலத்தில் ஐந்தரை மணிவாக்கில் மறையும் சூரியன், எல்லாம் ஒன்றாக வரும் நேரம் அது. 35 மீட்டர் பாதையில் 60 மீட்டர் கயிற்றை வைத்து ஆளை இறக்கினால், தரைக்கு 10 மீட்டர் மேலேயே கயிற்றின் முனை பிலே கருவி வழியாக உருவிக்கொண்டு போய்விடும். முனையில் ஒரு முடிச்சு போட்டிருந்தால் அது கருவியில் மாட்டி நிற்கும். இவ்வளவு எளிய ஒன்றால் காப்பாற்றக்கூடிய உயிர்கள் உலகம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கின்றன. இரண்டு முனையிலும் முடிச்சு. தலைவிளக்கு பையில் அல்ல, ஹெல்மெட்டில்.

வாடி வறண்டு கிடந்தாலும் ஓடைதான். கூடாரத்தை அதன் நடுவில் போடாதீர்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு நடந்தது நினைவிருக்கும். நம் வானம் தெளிந்த பின்னால்தான், மேலே கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை பக்கம் பெய்த மழை சாத்தனூர் அணை வழியாகத் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோர வீடுகளுக்குள் ஏறியது. வாடியில் நடப்பதும் அதுவே, நாள் கணக்கில் அல்ல, நிமிடக் கணக்கில். தலைக்கு மேல் நீல வானம் இருக்கும்போதே தண்ணீர் வரும். அதே ஆண்டு ஏப்ரல் 16-இல் அல் ஐன் பக்கம் ஒரே நாளில் 254 மில்லிமீட்டர் கொட்டியது. பாலைவனத்தில் மழை வராது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

வெயிலைப் பொறுத்தவரை, நம் ஊர்ப் புழுக்கத்தில் சட்டை நனைந்தால்தான் வியர்த்தது என்று பழகியிருக்கிறோம். உள்மலையின் வறண்ட காற்றில் வியர்வை வந்ததும் ஆவியாகிவிடும், சட்டை காய்ந்தே இருக்கும், தாகமும் தாமதமாகத்தான் தெரியும். அதனால் நேரம் வைத்துக் குடியுங்கள். கூடவே ஓஆர்எஸ் பொட்டலம் இருக்கட்டும். கூட வந்தவர் பேச்சில் குழப்பம் தெரிந்தால் அது சாதாரணக் களைப்பு இல்லை. உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணீர், காற்று, அதோடு ஆம்புலன்ஸுக்கு அழைப்பு. ஹார்னஸில் (உடம்பில் மாட்டும் வாரில்) மயங்கித் தொங்குபவரையும் காத்திருக்க வைக்கக்கூடாது. சில நிமிடங்களே உயிருக்கு ஆபத்தாகலாம். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் இறக்கிப் படுக்க வையுங்கள். இதில் உங்களுக்குப் பயிற்சி இருக்கிறது, மற்ற பாறையேறிகளைவிட நன்றாகவே செய்வீர்கள்.

ஊருக்கு லீவில் வரும்போது பழகிப் பார்க்க ஆசைப்பட்டுச் செஞ்சிக் கோட்டைப் பாறைகளில் ஆணி அடிக்கவோ கயிறு கட்டவோ போகாதீர்கள். அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம், 2025 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. மணற்கல்லில் போல்ட் போட்ட பாதைகளைப் பழக வேண்டுமென்றால் கர்நாடகத்தின் பாதாமி இருக்கிறது. தெரிந்த பயிற்றுநரோடு போய், டைனமிக் கயிற்றில் விழுந்து பழகிவிட்டு வளைகுடா மலைக்குப் போங்கள்.

கிளம்பும் முன் ரூமில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்: எந்த வாடி, எந்தப் பாதை, யார் யார், எத்தனை மணிக்குத் திரும்பாவிட்டால் போலீஸை அழைக்க வேண்டும். உள்ளே போனால் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அவசர எண் எமிரேட்ஸில் 999, ஓமானில் 9999, ஜோர்டானில் 911. கம்பெனி இன்சூரன்ஸ் வேலை நேரத்துக்கு வெளியே பாறையேற்றத்தில் அடிபட்டால் செல்லுமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செல்லாது என்றால் தனியாக ஒன்று எடுத்த பிறகே மலைக்குப் போங்கள்.